உருளையா, டிராலியா? கேரவனை வாசலில் ஏற்ற இரண்டு வழிகள்

கேரவன் என்றால் நம் ஊரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எஞ்சின் இல்லாத, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கடலோரத்திலோ மலையடிவாரத்திலோ கொண்டுபோய் நிறுத்திக் குடும்பத்தோடு நாலு நாள் தங்கலாம். சாலையில் கார் அதை இழுத்துவிடும். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். ஒடுங்கிய தெரு, இரு பக்கமும் நிற்கும் கார்கள், இரண்டு கல் தூண்களுக்கு நடுவே வாசல். காரை வைத்துப் பின்னோக்கித் தள்ள இடமே இருக்காது. கழற்றிவிட்டுக் கையால்தான் தள்ள வேண்டும்.

எங்கள் வீடு ஷெஃபீல்டில். மேடும் பள்ளமுமான ஊர். தெருவிலிருந்து வீட்டுச் சுவர்வரை 6 மீட்டர். அதற்குள் தரை அரை மீட்டர் ஏறிவிடுகிறது. வண்டியின் எடை 1,300 கிலோ. முதல் இரண்டு வருடமும் அக்கம்பக்கத்தார் மூன்று பேரை அழைத்துத்தான் ஏற்றினோம். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் போல, ஒவ்வொரு அடி ஏறியதும் என் மனைவி சக்கரத்துக்குக் கீழே கட்டையைத் தள்ளுவாள். கட்டை ஒரு நொடி பிந்தியிருந்தால் வண்டி யார் காலில் ஏறியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. இனி மனிதர்களை வைத்துத் தள்ளுவதில்லை என்று முடிவு செய்த பிறகு எங்கள் முன் நின்றவை இரண்டு இயந்திரங்கள்.

ஒன்று உருளை மூவர் (mover), அதாவது உருளையால் வண்டியை நகர்த்தும் கருவி. வண்டியின் அடியில், சேஸிஸில், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்களைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு மோட்டாரின் முனையிலும் சொரசொரப்பான ஓர் உருளை. பயணத்தின்போது உருளைக்கும் டயருக்கும் இடையே 2 சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். வேண்டும்போது உருளையை டயரில் அழுத்தி, ரிமோட்டை எடுத்தால் வண்டி நத்தை வேகத்தில் நகரும். ஒரு சக்கரத்தை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். ஒற்றை அச்சு வண்டிக்கு இரண்டு மோட்டார். இரட்டை அச்சு என்றால் நான்கு மோட்டார், அல்லது அதற்கென்றே செய்த வலுவான இரண்டு.

மற்றது மூக்கு டிராலி. வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தின் வேலையை இது எடுத்துக்கொள்கிறது. கார் மாட்டுகிற இடத்தை, அதாவது வண்டியின் மூக்கை, தன் முதுகில் தாங்கி, தன் மோட்டாரால் தள்ளும், இழுக்கும். கைப்பிடி வைத்ததும் உண்டு. புல்டோசர் போலப் பட்டையில் ஓடி ரிமோட்டுக்குக் கீழ்ப்படிவதும் உண்டு. வண்டியில் எதையும் பொருத்த வேண்டாம். வேலை முடிந்ததும் கராஜில் வைத்துச் சார்ஜ் போட்டுவிடலாம்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி, தெரு சமதளமாகிற இடத்தில், ஓய்வுபெற்ற ரயில் ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கைப்பிடி வைத்த டிராலி உண்டு. வாங்கும் முன் சோதித்துப் பார்க்கட்டும் என்று அவரே ஒரு சனிக்கிழமை காலையில் உருட்டிக்கொண்டு வந்தார். சமதளத்தில், தெருவில், டிராலி எங்கள் வண்டியை ஒரு விரலால் தள்ளுவதுபோல் நகர்த்தியது. மூக்கு முன்னால், வாசலை நோக்கி. கேரவன் சக்கரங்கள் நடைபாதை ஓரத்தைத் தாண்டிச் சரிவில் ஏறத் தொடங்கியதும் டிராலியின் ரப்பர் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. கான்கிரீட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். ரப்பர் கருகும் வாடை. பெரியவர் கையை உயர்த்தி, "ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், இப்போதே" என்றார். மோட்டாரில் வலு குறைவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தரையில்தான் பிடி கிடைக்கவில்லை.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம், பின்பாரம் என்று அவர்கள் பார்த்துப் பார்த்து மூட்டை அடுக்குவார்கள். கேரவனிலும் அதே முன்பாரம்தான். மொத்த எடையில் ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் மட்டுமே மூக்கில் இறங்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கமான அறிவுரை. எங்கள் வண்டிக்கு 80 கிலோ. டிராலியின் சொந்த எடை 40 கிலோ என்று வைத்தால், அதன் சக்கரங்கள் தரையை அழுத்துவது 120 கிலோவால். காய்ந்த கான்கிரீட்டில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடி அழுத்தும் எடையில் சுமார் 70 சதவீதம். அதாவது 84 கிலோ அளவு இழுவிசை. எங்கள் சரிவோ 8 சதவீதம். 1,300 கிலோவை அதில் ஏற்ற 104 கிலோவும், டயர் உருளும் தடைக்கு இன்னொரு 20 கிலோவும் வேண்டும். 124 எங்கே, 84 எங்கே? போதாததற்கு, மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் முன்பாரத்தில் ஒரு பகுதி பின்னால் சாய்ந்துவிடும். எத்தனை குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பட்டை வைத்த டிராலி சரளைக்கல்லில் புதையாமல் போகும், அது உண்மை. அதுவும் அந்த 120 கிலோவை நம்பித்தான் இழுக்க வேண்டும்.

உருளை மூவர் ஓட்டுவது கேரவனின் சொந்தச் சக்கரங்களை. மீதி 1,220 கிலோவும் அந்த இரண்டு சக்கரங்கள் மேல்தான் நிற்கிறது. அதனால் தரையில் பிடி என்பது ஒரு கவலையே இல்லை. நான் அதைத் தேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ரிமோட்டிலிருந்து விரலை எடுத்த நொடியில் உருளை நிற்கும். டயரில் அழுந்தியிருப்பதால் சக்கரமும் நிற்கும். சரிவில் வண்டி அப்படியே நிலைத்து நிற்கிறது. டிராலியில் நகர்த்தும்போது ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டிருப்போம். வண்டியைப் பிடித்துவைப்பதும் அதே 120 கிலோதான். அது வழுக்கினால் எல்லாம் சேர்ந்து தெருவுக்கு வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் தெரு எங்களுடையது.

ஆனால் உருளை மூவருக்குக் கொடுக்கிற விலை பணத்தோடு முடிவதில்லை. பொருத்துகூலியோடு ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும் என்பதைக்கூட விட்டுவிடலாம். எடைதான் உறுத்துகிறது. ஒற்றை அச்சு வண்டிக்கான மூவர் 30 கிலோ அளவுக்கு வரும். ஒவ்வொரு கேரவனுக்கும் தாண்டக் கூடாத ஒரு மொத்த எடை உண்டு. தாண்டினால் சட்டப்படி குற்றம். எங்கள் வண்டியில் நம் பொருள்களுக்கென்று மிஞ்சுவது 150 கிலோ. மூவருக்கு 30, அதை ஓட்டும் பெரிய பேட்டரிக்கு 25, வெளியே கட்டும் கூடாரத்துக்கு 20 என்று போனால் நாலு பேரின் துணிமணி, பாத்திரம், அரிசி, தண்ணீர் டப்பா எல்லாம் 75 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இட்லிப் பானை வேண்டுமா, பிள்ளைகளின் இரண்டாவது சைக்கிள் வேண்டுமா என்று வீட்டில் உண்மையாகவே பேச்சு நடந்தது. டிராலியோ ஒரு கிராம்கூட எடுத்துக்கொள்ளாது, வீட்டிலேயே இருந்துவிடும்.

அடிப்பகுதியையும் குனிந்து பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டெப்னி டயர் அடியில் ஒரு தட்டில் படுத்திருக்கும். மோட்டார் வந்தால் அந்தத் தட்டை வெளியே இழுக்க முடியாமல் போகலாம். (ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து கிளம்பியது. பிறந்த நாட்டில் அநேகமாக மறந்துவிட்டார்கள். நம் லாரி ஓட்டுநர்கள் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.) மோட்டார்கள் தரையை நோக்கித் தொங்குவதால் கப்பலில் ஏறும் சாய்தளங்களில் உரசாமல் பார்த்து ஏற்ற வேண்டும். சேஸிஸ் தகடு மெல்லியதாக இருந்தால் கூடுதல் தாங்கு தகடு வேண்டியிருக்கும்.

பேட்டரி விஷயத்தில் நான் பட்ட அனுபவம் ஒன்று. குளிர்காலம் முழுக்க வண்டி அசையாமல் நின்றது. பேட்டரியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ச்சில் வெளியே எடுத்தேன். பாதி வண்டி வாசலில், பாதி நடைபாதையில். ரிமோட்டின் விளக்கு இரண்டு முறை மினுக்கியது, அவ்வளவுதான். குழந்தை வண்டியோடு வந்த ஒரு தாய் எங்களால் சாலையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அந்த அவமானம் இன்னும் போகவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரின் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டித்தான் உள்ளே கொண்டுபோனேன். டிராலிக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவருடைய பேட்டரி கராஜில், கண்முன்னே, எப்போதும் சார்ஜில் இருக்கிறது.

உருளையை டயரில் அழுத்த இரண்டு முறை உண்டு: ஸ்பானரால் திருகுவது, பட்டனை அழுத்தினால் மோட்டாரே செய்வது. முதுகோ முழங்காலோ வலிக்கிறவர்கள் யோசிக்காமல் பட்டன் வகையை வாங்கலாம். மற்றவர்களுக்கு, ஒரு பக்கத்தில் திருகினால் மறுபக்கமும் சேர்ந்து அழுந்தும் ஸ்பானர் வகை போதும். எதுவானாலும் வண்டியை நிறுத்தியதும் உருளையை விலக்கிவிட வேண்டும். அழுத்தியபடியே மாதக்கணக்கில் விட்டால் டயரில் பள்ளம் விழும்.

விடுமுறைத் தளத்தில் உருளை மூவர் கூடவே வருகிறது என்பது அதன் தனி லாபம். மழையில் ஊறிய புல்வெளியில், ஒடுங்கிய இடத்தில், இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தாலும் பிறர் தயவு வேண்டாம். ஆனால் பெரியவர் எப்போதும் ஒரே பண்ணைக்குத்தான் போகிறார். அங்கே விசாலமான இடம், காராலேயே பின்னோக்கி நிறுத்திவிடுகிறார். அவருடைய தேவை வாசலோடு முடிந்துவிடுகிறது. வாசலோ தட்டையானது. ஆறு வருடமாக அந்த டிராலி அவரைக் கைவிட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் படகு வண்டியையும் அதுதான் உள்ளே கொண்டுபோய் விடுகிறது. நான் அவர் வீட்டில் இருந்திருந்தால் உருளை மூவரை வாங்கியே இருக்க மாட்டேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு மீட்டர் நீளப் பலகையும் கொத்தனாரின் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு வாசலில் குந்துங்கள். பலகையைச் சரிவின் போக்கில் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம் சரிவு. எங்கள் வண்டியின் எடைக்கு, 2 வரை வந்தால் மழைநாளிலும் டிராலி போதும். 3, 4 என்றால் தரை காய்ந்திருக்கும்போது மட்டும். 5 தொட்டால் அதன் பிடி அங்கேயே தீர்ந்துவிடும். ஒரே இடத்தில் அளந்து எழுந்துவிடாதீர்கள்; கேட்டருகே, நடுவில், சுவரோரத்தில் என்று மூன்று இடங்களில் வையுங்கள். எங்கள் வாசலில் கேட்டருகே மட்டும் 11 காட்டியது.