பத்தாயிரம் அடிகள்: ஓர் எண் வந்த வழி

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். வியாழக்கிழமைகளில் அங்கிருந்து அருகிலுள்ள விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலத்துக்கு நடந்தே செல்வோர் உண்டு. அந்த நடைக்கு இலக்கு ஓர் இடம். இன்றோ கைபேசியும் கைக்கடிகாரமும் நடையின் இலக்கை ஓர் எண்ணாக்கிவிட்டன: நாளொன்றுக்கு 10,000 அடிகள். இந்த எண் எங்கிருந்து வந்தது?

பலரும் கருதுவதுபோல இது மருத்துவ ஆய்வின் முடிவன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. 1965இல் யமாசா என்னும் கடிகார நிறுவனம், அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. 'மான்' என்றால் பத்தாயிரம், 'ஹோ' (புணர்ச்சியில் 'போ') அடி, 'கெய்' அளவி. தமிழில் 'பத்தாயிரம்' இரு சொற்கள் சேர்ந்த தொகை. ஜப்பானியத்தில் 'மான்' தனிச்சொல். நமக்கு ஆயிரமும் இலட்சமும் போல, பேரெண்களை எண்ணுவதற்கான அலகு. சொல்லவும் நினைவில் கொள்ளவும் எளிதான அந்த விற்பனைப் பெயர், காலப்போக்கில் உடல்நல விதியாக உலகெங்கும் பரவியது.

நடமாட்டத்துக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே ஆராயப்பட்டிருந்தது. இலண்டன் பேருந்துகளில் அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மோரிஸ் குழுவினர் 1953இல் காட்டினர். அவர்கள் அடிக்கணக்கு எதையும் விதிக்கவில்லை.

அடிக்கணக்கை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் முக்கியமானது, ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்டது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்கள் அதில் இடம்பெற்றனர். நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தோரைவிட, 4,400 அடிகள் நடந்தோரிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே. காரணத்தை முற்றாக நிறுவுவதன்று. எனினும் 10,000 என்பது கட்டாய எல்லையன்று என்பது இதனால் தெளிவாகிறது.

முழங்கால் வலியோடு 3,000 அடிகள் நடக்கும் முதியவர், 10,000 எட்டாததால் நடையையே கைவிடுவதுதான் உண்மையான இழப்பு. ஒரு வாரம் தம் வழக்கமான நடையை எண்ணிப் பார்த்து, அதன்மேல் 1,000 அடிகள், அதாவது ஏறக்குறைய பத்து நிமிட நடை, கூட்டிக்கொள்வது அவரால் இயலும். உடல் பழகிய பின் மேலும் கூட்டலாம். எண்ணவே விரும்பாதவருக்குத் திருத்தலம் வரையிலான நடையும் நல்ல இலக்கே.