பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பழைய சொல்

திருமணத்தின் பின்னரோ தொழில் நிமித்தமோ வெளிநாடு சென்ற நமது பழைய மாணவிகளுக்கு இது பழக்கமான விடயம். விசாவுக்காகப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது, இனம் என்ற இடத்தில் உள்ள 'இலங்கைச் சோனகர்', 'ஸ்ரீ லங்கன் மூர்' ஆகிவிடுகிறது. அதைப் பார்க்கும் அதிகாரி, "நீங்கள் மொரோக்கோ நாட்டவரா?" என்று கேட்கக்கூடும். கல்முனை என்று சொன்னால் அவருக்கு எங்கே விளங்கப் போகிறது!

ஆங்கில அகராதியில் 'மூர்' என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் வெவ்வேறு சொற்கள் உண்டு. மரங்களற்றுப் புதர் மண்டிய மேட்டுநிலம் ஒன்று. படகைக் கயிற்றால் கரையில் கட்டுவது இன்னொன்று. இவற்றுக்கும் நமக்கும் தொடர்பில்லை. நம்முடைய சொல் ரோமர் காலத்தது. வடமேற்கு ஆபிரிக்காவில் வாழ்ந்தவர்களை அவர்கள் இலத்தீனில் 'மவுரி' என்றார்கள். கி.பி. 711 இல் அங்கிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்த பின்னர், ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அந்தப் பெயரை முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ வெனிஸ் நகரத்து மூர். ஆங்கிலேயக் கிராமத்தவர் காலில் மணி கட்டி ஆடும் மொரிஸ் நடனத்தின் பெயரும் மூர்களின் நடனம் என்பதிலிருந்து வந்ததே. இன்று ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது பெரும்பாலும் வரலாற்றுப் புத்தகச் சொல். ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களுக்கு 'மோரோ' என்ற பெயர் நிலைத்தது. இலங்கையில் நமக்கு 'மூர்' நிலைத்தது.

போர்த்துக்கேயர் இந்தச் சொல்லை வெறுமனே கொண்டு வரவில்லை. தம் நாட்டில் பல தலைமுறைகளாகப் போரிட்ட எதிரியின் பெயர் அது. 1498 இல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கியபோது அங்கே வணிகம் செய்த முஸ்லிம்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். பின்பு இலங்கையிலும் அவ்வாறே. அரபு வணிகர், மலையாளக் கரையார், இங்கேயே பிறந்து தமிழ் பேசியவர் எல்லோரும் அவர்களுக்கு 'மோரோ'தான். 1626 இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். நமது கரையோர ஊர்கள் அக்காலத்தில் அந்தப் பகுதியைச் சேர்ந்தவையே; அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். ஆகவே நம்மில் சிலருடைய முன்னோர் இங்கு வந்ததற்கே அந்தச் சொல்லும் ஒரு காரணம் எனலாம்.

சரி, 'சோனகர்' நமது சொந்தச் சொல்லா? அதன் பயணம் இன்னும் நீண்டது. சின்ன ஆசியாவின் கரையில் கிரேக்கர் வாழ்ந்த பகுதி அயோனியா. பாரசீகர் கிரேக்கரை 'யவுனா' என்றனர். பாளியில் 'யோன', சமஸ்கிருதத்தில் 'யவன'. சங்க இலக்கியத்தில் யவனர் என்போர் கிரேக்கரும் ரோமரும். கடல் வணிகம் அரபிகள் கைக்கு மாறியபோது பெயரும் அவர்களுக்கு மாறியது. 'சோனகர்' இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டில் சோனகன் சாவூர் என்றொருவரின் பெயர் இருக்கிறது. சிங்களத்தில் நம்மை 'யோனக' என்பதும் இந்த வழியில் வந்ததே. ஆக, பத்திரத்தில் ஆங்கிலத்தில் ஆபிரிக்காவும் தமிழில் கிரேக்கமும் இருக்கின்றன!

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. 1880களில் சட்டநிரூபண சபையில் தமிழ் உறுப்பினராக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், மொழி, வழக்கம், தோற்றம் ஆகியவற்றைக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். அவருடைய கட்டுரை 1888 இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. தமிழர் என்றால் சபையில் தனி ஆசனம் எதற்கு என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. 1889 இல் சோனகருக்கு ஆசனம் கிடைத்தது, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், நாம் அரபு வழித்தோன்றல்கள் என்று இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். எதிரி சூட்டிய பெயரையே நம்மவர்கள் உரிமை கேட்கும் கருவியாக்கிக் கொண்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த சொல் அதுதான். ஆனால் ஒரு வைத்தியராகச் சொல்வதானால், இரத்தப் பரிசோதனைக் குழாயில் மூரும் தமிழரும் தனித்தனியே படிவதில்லை.

கொழும்பில் நடந்த இந்த வாதத்தில் கிழக்குக் கரைப் பெண்களின் கணக்கு ஒன்று சேரவே இல்லை. நமது ஊர்களில் பிள்ளைக்குக் குடி, தாய் வழியாக வருகிறது. உம்மாவின் குடிதான் நமது குடி, வாப்பாவுடையது அல்ல. அயலில் உள்ள தமிழ் ஊர்களிலும் இதே முறைதான். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்த வழக்கமும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இதனோடு சேர்ந்தவை. மூர் என்றோ சோனகர் என்றோ நம் மூத்தம்மாமார் தங்களை அறிமுகப்படுத்தியிருப்பார்களா என்பது சந்தேகம். எந்த ஊர், எந்தக் குடி, யாருடைய மகள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை எழுதப் பத்திரத்தில் ஒரு கூடு இல்லை. மூத்தம்மா இன்னும் நம்மோடிருக்கும் சகோதரிகள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது, குடியின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.