கடற்கரைக் கோயில்களும் கல்லெழுத்தும்

சென்னையிலிருந்து தெற்கே கோடிக்கரை வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையைச் சோழமண்டலக் கரை என்பர். அக்கரையில் கோயில் எடுத்த நம் முன்னோர்க்கு இரு பகைகள் இருந்தன. கரையை அரிக்கும் அலை ஒன்று. கல்லையே தின்னும் உப்புக் காற்று மற்றொன்று. இவற்றை அறிந்திருந்தும் அவர்கள் அலைவாய்க் கரையிலேயே கோயில் எடுத்தனர்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பன்முறை இக்கோயில்களுக்குச் சென்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னரும் சென்று வருகிறேன். "இதைக் கட்டிய அரசன் யார்?" என்பதே மாணவர்கள் முதலில் கேட்கும் வினா. நல்ல வினாதான். எனினும், அவ்வளவில் நின்றுவிடுவோர் வரலாற்றில் பாதியைத்தான் காண்கின்றனர்.

முதலில் மாமல்லபுரத்துக்குச் செல்வோம். அங்குள்ள கடற்கரைக் கோயில், இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கிழக்கு நோக்கிய பெரிய விமானமும் மேற்கு நோக்கிய சிறிய விமானமும் சிவபெருமானுக்கு உரியவை. இரண்டுக்கும் இடையே, இயற்கைப் பாறையிலேயே வடித்த திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். உப்புக் காற்றால் அங்குள்ள சிற்பங்கள் பல முகம் தேய்ந்து நிற்கின்றன. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நனைத்துக் கல்லின்மேல் அப்புகின்றனர். கூழ் உலரும்போது கல்லினுள் ஊறிய உப்பை ஈர்த்துக்கொள்கிறது. பின்னர் அதனை உரித்து எடுத்துவிடுகின்றனர். அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டி அணையும் இட்டிருக்கின்றனர்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சாளுவன்குப்பம். புலிக்குகை என்று அனைவரும் அறிந்த இடம் அங்கேதான் உள்ளது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, எண்ணற்ற குடும்பங்களை அழித்துச் சென்றது. அத்துயரத்தை மறந்து இதனைச் சொல்ல இயலாது. அப்பேரலை கரை மணலை அரித்தபோது, புலிக்குகைக்கு அண்மையில் ஒரு பாறையின்மேல் இருந்த எழுத்துகள் வெளிப்பட்டன. அவை திருவிழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தன. அப்படி ஒரு கோயில் அங்கு இருந்ததை அதுவரையில் எவரும் அறியார். 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்விடத்தை அகழ்ந்தனர். மணல்மேட்டினுள் பல்லவர் காலக் கற்கோயிலின் எச்சமும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற் கோயிலும் தோன்றின. சன்னிதி வடக்கு நோக்கியது. அதன் எதிரே கல்லால் ஆன வேல் ஒன்றும் கிடைத்தது. செங்கற் கோயில் சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. பழைய கோயிலைக் கடல் அழித்தபின் அதன் மேலேயே மக்கள் மீண்டும் கோயில் எழுப்பினர் என்றும் அவர்கள் கருதுகின்றனர்.

அங்கே கிடைத்த தூண்களில்தான் நான் சொல்ல வந்த மற்றப் பாதி இருக்கிறது. வசந்தனார் என்னும் அந்தணப் பெண்மணி, கோயிலில் விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்தார் என்கிறது ஒரு தூண். திருவிழ்ச்சில் ஊரினர் ஒருவர் 10 கழஞ்சு பொன் அளித்ததை மற்றொரு தூண் கூறுகிறது. கழஞ்சு என்பது ஏறக்குறைய 5 கிராம் எடை. இவர்கள் முடி சூடியவர் அல்லர். போர் வென்றவரும் அல்லர். எனினும், நெடுங்காலம் மணலுள் கிடந்தும் இவர்தம் ஈகை அழியவில்லை.

விளக்கு அறம் நடந்த முறையும் அறியத்தக்கது. கொடுத்த பொன் முதலாக நிற்கும். அதன் பொலிசை, அதாவது வட்டி, நெய்க்கும் எண்ணெய்க்கும் ஆகும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். மூத்தவை போனாலும் குட்டிகள் அவ்விடத்தை நிரப்ப, மந்தையின் எண்ணிக்கை குறையாதன்றோ! இடையன் நாள்தோறும் நெய் அளப்பான். எளிய மக்கள் ஒரு விளக்கினைச் சுற்றி அமைத்த ஏற்பாடு இது.

இனித் தெற்கே தரங்கம்பாடிக்கு வருவோம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று டேனியர் எழுப்பிய கோட்டையைப் பார்க்கவே பலர் அங்கு வருகின்றனர். அக்கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது, அண்மையில் உள்ள மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எடுக்கப்பெற்றது. அதன் முன்பகுதிகளைக் கடல் கொண்டுவிட்டது. ஊரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதை நமக்குச் சொல்வது அக்கோயிலின் கல்வெட்டே. கல்வெட்டும் கடலுள் போயிருந்தால் அப்பெயரும் உடன் போயிருக்கும்.

அலையைத் தடுக்கக் கல்லணை உண்டு. உப்பை எடுக்கக் காகிதக் கூழ் உண்டு. நம் கையால் விளையும் கேட்டுக்கு அத்தகைய மருந்து இல்லை. திருப்பணி என்னும் பெயரால் எழுத்துள்ள கற்களைக் கொத்துவதும், அவற்றின்மேல் சிமெண்டும் வண்ணமும் பூசுவதும், பளிங்குப் பலகை பதித்து மறைப்பதும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. கடல் மூடிய எழுத்தைக் கடலே திறந்து காட்டியது. உளி கொத்திய எழுத்தை மீட்டுத் தருவார் யார்?

ஆதலின், நேயர்களே, அடுத்த முறை கடற்கரைக் கோயில் ஒன்றுக்குச் செல்லும்போது, விமானத்தை அண்ணாந்து பார்த்தபின் அதன் அடித்தளத்தையும் சற்றுக் குனிந்து பாருங்கள். எழுத்துள்ள கல்லில் எண்ணெய் தேய்க்காதீர்கள்; சுண்ணாம்பு பூச விடாதீர்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கு அரசன் பெயரோடு, விளக்குக்குப் பொன் கொடுத்த பெண்மணியின் பெயரையும் சொல்லுங்கள்.