எருமைத்தலையும் அன்னையின் திருவடியும்

சிவாலயத்தை வலம் வரும் நாம், கருவறையின் தென்புறத்தே தட்சிணாமூர்த்தியை வணங்கி, மேற்புறத்தைக் கடந்து, வடபுறத்தை அடைந்ததும் துர்க்கையம்மனைக் காண்கின்றோம். தீபம் ஏற்றுகின்றோம், குங்குமம் தரிக்கின்றோம், அப்பால் நடக்கின்றோம். அன்னையின் திருவடியின் கீழே சிற்பி யாது செதுக்கினான் என்று குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. பெரும்பாலும் அதனைப் பட்டாடை மறைத்திருக்கும். ஆடை மறையாத பழைய கற்றளிகளிலே பார்ப்போமாயின், ஆங்கே இருப்பது ஓர் எருமைத்தலை. போர் இல்லை, படை இல்லை, வெறுந்தலை மாத்திரமே. இது ஏன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அன்னையின் இவ்வடிவில் இரண்டு மரபுகள் கலந்துள்ளன. ஒன்று தமிழரின் கொற்றவை வழிபாடு. தொல்காப்பியம் கொற்றவை நிலையைக் கூறும். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலே, பாலைநிலத்து எயினர் போற்றும் தேவி எருமைத்தலைமீது நிற்பவள். மானை ஊர்தியாக உடையவள். மற்றையது வடமொழித் தேவி மாகாத்மியம் விரித்துரைக்கும் மகிடாசுரன் கதை. அதிலே அன்னை சிங்கத்தின்மீது ஏறிப் போர் புரிகின்றாள்.

பல்லவரின் மாமல்லபுரத்திலே இவ்விரு கோலங்களையும் காணலாம். மகிடாசுரமர்த்தினி குகையின் சுவரிலே, எட்டுக் கரங்களுடன் அன்னை சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கின்றாள். எருமைத்தலையும் மனித உடலும் கொண்ட அசுரன், கதையை ஏந்தியவாறே பின்வாங்குகின்றான். போர் இன்னும் முடியவில்லை. ஆயினும் முடிவு யாதென்பது அவன் சாய்ந்து நிற்கும் நிலையிலேயே விளங்குகின்றது. அதே ஊரின் ஆதிவராகர் குகையிலோ, அன்னை எருமைத்தலைமேல் அமைதியாக நிற்கின்றாள். ஆங்கே போர் முடிந்துவிட்டது.

சோழர் தம் கற்றளிகளின் வடபுற மாடத்திற்கு இவ்விரண்டாம் கோலத்தையே ஏற்றனர். அவர்கள் போர்த்தெய்வத்தை மறந்தவர்களா? இல்லை. 850ஆம் ஆண்டளவில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயன் ஆங்கு நிசும்பசூதனியை எழுந்தருளச் செய்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. உக்கிர வடிவை நன்கறிந்தவர்களே சாந்த வடிவையும் போற்றினர்.

இதற்கு இரு காரணங்கள் கூறலாம். குகைச்சுவர் அகன்றது, ஒரு போர்க்களத்தையே தாங்கவல்லது. மாடமோ குறுகியது, ஒருவர் நிற்கவே இடந்தருவது. மேலும், குகைச்சிற்பம் கதையைச் சொல்கின்றது. மாடத்து மூர்த்தமோ வலம் வரும் அடியவன் நின்று வணங்குவதற்குரியது. ஆகவே சிற்பி போர் முழுவதையும் ஓர் எருமைத்தலைக்குள் அடக்கினான்.

தஞ்சைக்கு அண்மையிலுள்ள புள்ளமங்கைக் கோயில், முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தது. அதன் வடபுறத் துர்க்கை குடைநிழலின்கீழ் நிற்கின்றாள். ஒருபால் சிங்கம், மறுபால் மான். வடமொழிக் கதையின் சிங்கமும் வேட்டுவர் தெய்வத்தின் மானும் ஒரே மாடத்தில் அமைந்திருத்தல் காண்க. கீழே தன் தலையையே அரிந்து கொடுக்கும் வீரனையும் சிற்பி காட்டியுள்ளான். இத்துணைக் கொடுமையின் நடுவிலும் அன்னையின் திருமுகத்திலே சினத்தின் சாயல் சிறிதுமில்லை. பகையை வென்று முடித்தவளுக்குச் சினம் எதற்கு?

சோழரின் கற்றளி மரபு கடல் கடந்து எமது நாட்டிற்கும் வந்தது. பொலன்னறுவையில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த வானவன் மாதேவி ஈச்சரம் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. எமதூர்ச் சிவாலயங்களில் துர்க்கையம்மன் வடபுறத்தே எழுந்தருளியிருப்பதும் அத்தொன்மரபின் வழியதே.

ஆதலின் இளைஞர்காள், பழஞ்சிற்பங்களின்மீது எண்ணெயும் கர்ப்பூரக் கரியும் படியவிடாது காத்தல் நம் கடமையாகும். கரி படிந்து மறைவது கல் மாத்திரமன்று. அதிலே நம் முன்னோர் எழுதிவைத்த கருத்துமாம். அடுத்தமுறை வடபுறம் வரும்போது ஒரு கணம் நின்று, முதலில் திருவடியையும், பின்னர்த் திருமுகத்தையும் நோக்குவோமாக. ஆற்றலும் அமைதியும் ஓரிடத்தே இருத்தல் கூடும் என்பதை அக்கல் நமக்கு உணர்த்தும்.