எந்த நாளின் விலை?

புதுடில்லியில் சரோஜினி நகர்ச் சந்தையை அறியாதார் இலர். மலிவான ஆடைகளுக்குப் பெயர் பெற்ற அச்சந்தையையும், அதனைச் சூழ்ந்திருந்த அரசாங்கக் குடியிருப்புக்களையும் நம்மவர் பலர் நன்கு அறிவர். நாடு விடுதலை பெற்றபின் மத்திய அரசு அலுவலருக்காக எழுந்த அவ்விடம் முதலில் விநய நகர் எனப்பட்டது. பின்னரே சரோஜினி நாயுடு அம்மையாரின் பெயரைப் பெற்றது. தமிழகத்திலிருந்து சென்ற எழுத்தர் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. பழைய குடியிருப்புக்களை இடித்துப் புதியன கட்டும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2016-இல் இசைவளித்தது. இத்தனை மாறுதல்களுக்கும் இடையே, பிலஞ்சி என்னும் பழைய சிற்றூர் அங்கே தன் குறுகிய சந்துகளோடு நிற்கிறது. மனைகள் நிற்கின்றன, அம்மனைகளில் வாழ்ந்தோர் உழுத வயல்களைக் காணோம். அந்நிலம் எங்கே போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று என்று எவரும் கேட்பர். எந்த நாளின் விலைக்குப் போயிற்று என்று கேட்பவர் அரியர். உழவனின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அந்த மூன்றாவது வினாவிலேதான் அடங்கியிருந்தன.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் தர்பாரில், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அந்த மாதம் முடியுமுன்னரே நிலம் எடுப்பதற்கான அறிவிப்பும் வெளியாயிற்று. மால்சா, ராய்சீனா முதலிய ஊர்களின் நிலங்கள் புதிய தலைநகருக்காக எடுக்கப்பட்டன. ராய்சீனாக் குன்றின்மேல் இன்று குடியரசுத் தலைவர் மாளிகை விளங்குகிறது. இவ்வளவுக்கும் கருவியாயிருந்தது 1894-ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டமாகும். சொந்தக்காரன் விற்க விரும்பினானா என்பது அச்சட்டத்திற்கு ஒரு பொருட்டன்று. பொதுக் காரியம் என்று சர்க்கார் சொன்னால் நிலத்தைக் கொடுக்கவேண்டும். சந்தை விலையையும், அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஆறுதல் தொகையையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சந்தை விலை என்பது நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே அதற்கு ஒரு நாளைக் குறித்தாக வேண்டும். 1870-ஆம் ஆண்டின் பழைய சட்டம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் வேளையில் நிலம் என்ன விலை பெறுமோ அதைக் கணக்கிட்டது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளைப் பின்னுக்குத் தள்ளி, நிலம் எடுக்கப்படும் என்று ஆறாம் பிரிவின்கீழ் உறுதியாகப் பிரகடனம் செய்யும் நாளில் வைத்தது. 1923-இல் செய்த திருத்தமோ அதனை மேலும் பின்னே கொண்டுபோய், நிலம் தேவைப்படக்கூடும் என்று நான்காம் பிரிவின்கீழ் வெளியாகும் முதல் அறிவிப்பின் நாளில் நிறுத்தியது. ஆட்சேபணை கூறும் உரிமையை உழவனுக்கு முதன்முதலாக அளித்ததும் அதே திருத்தமே. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சாலை வருகிறது, நகர் வருகிறது என்ற செய்தி பரவியதும் தரகர் ஓடிவந்து நிலத்தை வாங்கி விலையை ஏற்றுவர். பொதுப்பணத்தால் ஏறிய விலையைப் பொதுப்பணமே ஏன் கொடுக்கவேண்டும் என்பது நல்ல கேள்வியே. ஆனால் தரகனுக்காக விரித்த வலையில் அகப்பட்டவன் மூன்று ஏக்கர்க் குடியானவன். முதல் அறிவிப்பு வெளியான பின்னர், கலெக்டரின் அனுமதியின்றி அவன் ஒரு கிணறு வெட்டினால், அச்செலவுக்கு ஒரு காசும் கணக்கில் சேராது. நிலம் பெயரளவில் அவனுடையது. அதை அடமானமாக ஏற்றுக் கடன் கொடுக்க யார் முன்வருவர்?

விலையை மெய்ப்பிப்பதும் எளிதன்று. அக்கம்பக்கத்து விற்பனைப் பத்திரங்களே சான்று. முத்திரைச் செலவுக்கு அஞ்சிக் குறைத்து எழுதிய பத்திரங்கள் அப்போது எழுதியவருக்கே எதிராகச் சாட்சி சொல்லும். கலெக்டர் தீர்ப்பில் குறை இருந்தால் நீதிமன்றத்திற்கு அனுப்பும்படி கேட்கலாம். ஆனால் தீர்ப்பு வழங்கும்போது நேரில் இருந்தவனுக்குத் தவணை ஆறே வாரம். ஆட்சேபணையுடன் பெறுகிறேன் என்று குறிக்காமல் பணத்தைப் பெற்றுக்கொண்டவனுக்கு அந்த உரிமையும் இல்லை. எழுத்தறியாதவன் கைநாட்டு வைத்த அந்த ஒரு கணத்தில் வழக்கு முடிந்துபோயிற்று!

டில்லி உழவனுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. 1954-ஆம் ஆண்டின் டில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்து அவனைப் பூமிதார் ஆக்கியது. கூடவே, விற்றபின் எட்டு ஏக்கருக்குக் குறைவாக மிஞ்சுமானால் விற்கலாகாது என்றும் விதித்தது. அதற்குக் குறைவாக வைத்திருப்பவன் விற்பதென்றால் முழுவதையும் விற்கவேண்டும். மகள் மணத்திற்காக ஓர் ஏக்கரை மட்டும் விற்க வழியில்லை. நிலம் சிதறாமல் காக்கும் நோக்கம் நல்லதுதான். அதன் சுமை யார் தலையில் இறங்கியது என்பதே கேள்வி.

இந்நிலையில், 1959 நவம்பர் 13-இல், டில்லியின் திட்டமிட்ட வளர்ச்சிக்காக என்று 34,070 ஏக்கருக்கு ஒரே அறிவிப்பு வந்தது. அதில் அடங்கிய நிலங்களுக்கு 1966-இலும் ஆறாம் பிரிவுப் பிரகடனங்கள் வந்துகொண்டிருந்தன. அதன்பின்னும் விசாரணை சில ஆண்டுகள் நீண்டது. விலையோ 1959-இலேயே நின்றது. உழவர் சிலர் 1972-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தனர். திட்டமிட்ட வளர்ச்சி என்பது தெளிவான பொதுக் காரியமே என்றும், இத்தனை ஆண்டு வாளாவிருந்துவிட்டு இப்போது அறிவிப்பைக் குறைகூற இயலாது என்றும் 1974-இல் தீர்ப்பாயிற்று. தாமதத்தில் பெரும்பங்கு சர்க்காருடையது. அதன் பழியில் ஒரு பங்கு உழவன்மேல் விழுந்தது.

விலை நாளை இதனினும் பின்னுக்குத் தள்ள மாகாணங்களும் முயன்றன. மேற்கு வங்கச் சட்டமொன்று 1946 டிசம்பர் 31-ஆம் நாளின் விலைக்கு மேல் கொடுக்கலாகாது என்றது. உச்ச நீதிமன்றம் 1953-இல் அதனைச் செல்லாதென்றது. நம் சென்னை ராஜ்யமும் பின்வாங்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் சென்னைத் திருத்தச் சட்டம், வீட்டு வசதித் திட்டங்களுக்காக எடுக்கும் நிலங்களுக்கு, அறிவிப்பு நாளின் விலை, அதற்கு முந்திய ஐந்தாண்டுச் சராசரி விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே கொடுத்தால் போதும் என்றது. ஆறுதல் தொகையையும் பதினைந்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது. 1964-இல் நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு அச்சட்டத்தை வீழ்த்தியது. அடுத்தடுத்த இரு நிலங்களில் ஒன்றை மருத்துவமனைக்கும் மற்றொன்றை வீட்டுத் திட்டத்திற்கும் எடுத்தால், பின்னவனுக்கு மட்டும் குறைத்துக் கொடுப்பது எவ்வாறு சமநீதியாகும்? அத்தீர்ப்பின் சாரம் இதுவே.

தாமதத்திற்குக் கடிவாளம் மெல்ல மெல்ல வந்தது. முதல் அறிவிப்புக்கும் பிரகடனத்திற்கும் இடையே மூன்றாண்டுக்கு மேல் ஆகலாகாது என்று 1967-இல் விதித்தனர். 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஓராண்டாகச் சுருக்கி, பிரகடனத்திலிருந்து ஈராண்டுக்குள் இழப்பீட்டைத் தீர்மானிக்காவிடில் நடவடிக்கை முழுவதும் காலாவதியாகும் என்றது. ஆறுதல் தொகை முப்பதாயிற்று. அறிவிப்பு நாள் முதல் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூடுதல் தொகையும் சேர்ந்தது. அயலான் வழக்காடி உயர்ந்த விலை பெற்றால், அதே அறிவிப்பில் நிலமிழந்து வழக்காடாதிருந்தவனும் மூன்று மாதத்திற்குள் மனுச்செய்து அவ்விலையைக் கேட்கலாம் என்ற பிரிவும் அப்போதுதான் வந்தது. கைநாட்டு வைத்து உரிமை இழந்தவனை நினைத்தவர் யாரோ அப்பிரிவை எழுதியிருக்கவேண்டும்.

2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறுதல் தொகையை நூற்றுக்கு நூறாக்கியது. நாட்டுப்புற நிலங்களின் விலையை இருமடங்கு வரை பெருக்கவும் இடமளித்தது. விலை நாள் மாத்திரம் முதல் அறிவிப்பு நாளாகவே தொடர்கிறது. ஐந்தாண்டு அல்லது அதற்கு முன்னரே தீர்ப்பான பழைய நிலங்களில், உடைமை எடுக்கப்படாமலோ இழப்பீடு கொடுக்கப்படாமலோ இருந்தால் நடவடிக்கை காலாவதியாகும் என்று அச்சட்டம் கூறவே, டில்லியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வழக்குகள் குவிந்தன. 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அங்குள்ள ‘அல்லது’ என்னும் சொல்லை அவ்வாறு கொள்ளலாகாது, இரண்டுமே நிகழாமல் இருந்தால்தான் காலாவதியாகும் என்று பொருள் கூறியது. இழப்பீட்டைக் கருவூலத்தில் செலுத்திவிட்டு நிலத்தை வெறுமனே போட்டு வைத்திருந்த இடங்களில், ஊரார் கேட்ட நிலம் அத்துடன் திரும்பாதாயிற்று.