வேலை இழந்தவருக்காக யார் வாதாடுவது?

இந்தியாவில் அனைத்துத் தொழிலாளர்களுக்குமான வேலையின்மைக் காப்பீடு ஒருபோதும் இருந்ததில்லை. வேலையை இழக்கும் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த முதன்மையான பாதுகாப்பு, அவரை வெளியேற்றிய முதலாளியே தன் கையிலிருந்து தர வேண்டிய இழப்பீடு ஆகும். அரசு நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கப்படும் நாடுகளில் முதலாளி அதற்கு மறுப்புத் தெரிவிப்பவர் மட்டுமே. இங்கோ அவரே கடன்பட்டவர், அவரே எதிர்வழக்காடுபவர். ஆகவே இழப்பீட்டு உரிமையின் வரலாற்றை எழுத முற்படுவோர், அந்த உரிமைக்காக மன்றத்தில் பேச யாருக்கு அனுமதி இருந்தது என்ற வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அவ்விரண்டும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று முரணாக வளர்ந்தவை.

1953ஆம் ஆண்டில் பருத்தி ஆலைகளில் விற்காத துணி தேங்கியது. ஆலைகள் தொழிலாளர்களைப் பெருமளவில் லே-ஆஃப் செய்யும் என்ற அச்சம் எழுந்தது. வி. வி. கிரி மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்த அக்காலத்தில், அக்டோபர் மாதம் ஓர் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் அது புதிய அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டது. தற்காலிகமாக வேலை மறுக்கப்பட்டவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம், அத்துடன் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். அளவு எளிமையானது, கணக்கும் எளிமையானது. வழக்கு எழுந்ததோ வேறிடத்தில்.

லே-ஆஃப் இழப்பீட்டை மறுக்க முதலாளிக்குச் சட்டமே சில வாயில்களைத் திறந்து வைத்தது. அதே ஊரிலோ ஐந்து மைல் சுற்றளவிலோ தன் நிர்வாகத்துக்கு உட்பட்ட வேறு ஆலையில் தரப்பட்ட மாற்று வேலையைத் தொழிலாளி ஏற்கவில்லை என்று கூறலாம். குறித்த நேரத்தில் நாள்தோறும் ஒருமுறை ஆலைக்கு வந்து முகம் காட்டவில்லை என்று கூறலாம். ஆலையின் இன்னொரு பகுதியில் நடந்த வேலைநிறுத்தமே காரணம் என்று கூறலாம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கோ, முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. வருகைப் பதிவேடோ நிர்வாகத்தின் அலமாரியில் இருப்பது. அதை மன்றத்துக்கு வரவழைக்கும் மனுவை எப்படி எழுதுவது என்பதை அறிந்தவர் தேவைப்பட்ட இடம் அது.

இவற்றினும் பெரிய போர், ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதாக இருந்தது. ஒழுங்கு நடவடிக்கையாக விதிக்கப்படும் தண்டனை நீங்கலாக, எக்காரணத்தை முன்னிட்டும் முதலாளி ஒருவரது பணியை முடிப்பதே ஆட்குறைப்பு என 1953ஆம் ஆண்டின் திருத்தம் வரையறுத்திருந்தது. பார்சி சிறு ரயில்வே அரசின் வசமானபோது வேலை இழந்தோர் தொடர்பான வழக்கில், 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பொருளைச் சுருக்கியது: தொடர்ந்து நடக்கும் தொழிலில் மிகையான ஆட்களை நீக்குவதே ஆட்குறைப்பு, தொழிலே கைமாறினாலோ மூடப்பட்டாலோ அது ஆட்குறைப்பு ஆகாது. ஆலை முழுவதுமாக மூடப்பட்டவருக்கு ஒன்றுமில்லை, பாதி ஆட்கள் நீக்கப்பட்டால் அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்ற விந்தையான நிலை உருவாயிற்று. 1957இல் நாடாளுமன்றம் உரிமை மாற்றத்துக்கும் மூடலுக்கும் தனித்தனிப் பிரிவுகளைச் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தது.

சொல் மீண்டும் விரிந்தது. நியமன ஆணையிலேயே முடிவு நாள் குறிக்கப்பட்ட தற்காலிக ஊழியரின் வேலை முடிவதும் ஆட்குறைப்பே என்று 1976இல் ஸ்டேட் பாங்க் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமை ஆட்குறைப்பு ஆகாது என்று 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. எக்காரணத்தை முன்னிட்டும் என்ற தொடருக்கு அதன் நேர்ப்பொருளே பொருந்தும் என்று 1990இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. தொடர் ஒன்றின் வீச்சை முடிவு செய்ய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்த நுண்மைகளைக் கைநாட்டு இடும் ஒரு நெசவாளி தானே எழுந்து நின்று வாதிட இயலாது என்பது வெளிப்படை.

ஆயினும் அதே சட்டத்தின் 36ஆவது பிரிவு வழக்கறிஞரை வாயிலில் நிறுத்தியது. சமரச அலுவலர் முன்னிலையில் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு இசைந்து, மன்றமும் அனுமதித்தால் மட்டுமே அவர் வரலாம். தொழிலாளிக்காகப் பேசும் உரிமை தொழிற்சங்க நிர்வாகிக்கே வழங்கப்பட்டது. சங்கத்தில் இல்லாதவருக்காக அத்தொழிலோடு தொடர்புடைய சங்கத்தின் நிர்வாகியோ சக தொழிலாளியோ பேசலாம்.

இதன் நோக்கம் தீயதன்று. பணம் படைத்த ஆலை பெரும் வழக்கறிஞரை அமர்த்தி, சாதாரண உரிமையியல் வழக்குப்போலத் தகராறை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடக் கூடாது என்ற கருத்து அதன் பின்னால் இருந்தது. தொழிலுறவை வழக்காடலாக அன்றி இணக்கப்பேச்சாகக் காணும் மரபு அகமதாபாத்தில் முன்பே வேரூன்றியிருந்தது. 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காந்தியின் தலைமையில் நடந்து நடுவர் தீர்ப்பில் முடிந்தது. ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயின் தமக்கை அனசூயா சாராபாய் தொழிலாளர் பக்கம் நின்றார். 1920இல் உருவான மஜூர் மகாஜன் என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் நடுவர் முறையைத் தன் கொள்கையாகவே கொண்டது. பின்னர் 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டம் பிரதிநிதிச் சங்கத்தைத் தொழிலாளர் அனைவரின் குரலாக ஏற்றது.

அத்தகைய சங்கம் தனக்கெனச் சட்டப் பிரிவு ஒன்றை வைத்திருந்தது. சட்டம் பயின்ற இளம்பெண் இலா பட் 1955இல் அப்பிரிவில் சேர்ந்தார். வலுவான சங்கம் உள்ள ஊரில் 36ஆவது பிரிவு தொழிலாளிக்குத் தடையன்று, துணையே. கட்டணமில்லாத வாதி, ஆலையின் தறிக்கூடத்தை அறிந்த வாதி அவருக்குக் கிடைத்தார். ஆனால் 1968இல் இரண்டு பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, வேலை இழந்தோரின் குடும்பங்களை ஆராயும் பணி இலா பட்டிடம் தரப்பட்டது. அக்குடும்பங்களைத் தாங்கி நின்றவர்கள் தெருவில் விற்றும் வீட்டில் தைத்தும் பொருளீட்டிய பெண்கள் என்பதை அவர் கண்டார். இழப்பீட்டுச் சட்டம் அவர்களை அறியாது. அவர்களுக்கு முதலாளி என ஒருவர் ஏட்டில் இல்லை. 1972இல் அவர் நிறுவிய சேவா அமைப்பின் தோற்றுவாய்களுள் அந்த ஆய்வும் ஒன்று.

சங்கம் இல்லாதவரின் நிலை நெடுங்காலம் இதனினும் கடினமாக இருந்தது. தனியொருவரின் வேலைநீக்கம், சங்கமோ கணிசமான சக தொழிலாளரோ அதை ஏற்று நடத்தாதவரை, தொழில் தகராறு ஆகாது என்பது 1950களின் நீதிமன்ற நிலைப்பாடு. 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவுதான் தனியொருவரின் வேலைநீக்கத்தையும் தொழில் தகராறாகக் கருதியது. அப்போதும் அரசு பரிந்துரைத்தால்தான் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தை அடையும். சமரச அலுவலரிடம் மனு அளித்து 45 நாள் கடந்தபின் தொழிலாளி நேரடியாக நீதிமன்றம் செல்லும் உரிமை 2010ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. வழி திறக்க 45 ஆண்டுகள் ஆயின. அவ்வழியே தனியே நடப்பவருக்குத் துணை யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

1976ஆம் ஆண்டு அக்கேள்வியை இரு திசைகளில் இழுத்தது. பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு மன்றத்தில் எதிர்த்தரப்பின் இசைவு கட்டாயம் என்று உறுதி செய்தது. அதே தீர்ப்பு, சட்டம் படித்தவர் நிறுவனத்தின் ஊதியம் பெறும் அலுவலராகவோ முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாகவோ இருந்தால் அத்தகுதியில் அவர் வந்து வாதிடலாம் என்றும் கூறியது. சட்டப்படி இதே வாய்ப்பு தொழிற்சங்க நிர்வாகியாக உள்ள வழக்கறிஞருக்கும் உண்டு. நடைமுறையில் சட்ட அலுவலரை ஊதியத்தில் அமர்த்தும் வலிமை யாரிடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய 42ஆவது திருத்தம், இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் 39ஏ உறுப்பை அரசியல் சாசனத்தில் சேர்த்தது. அதன் வழிவந்த 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவு, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளியையும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவராக்கியது. ஒரு சட்டம் தொழிலாளிக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரைத் தருகிறது. இன்னொரு சட்டம் அந்த வழக்கறிஞரை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவில் முதலாளிக்கும் பங்கு தருகிறது. பல வழக்குகளில் முதலாளியும் வழக்கறிஞரை விரும்புவதால் இசைவு கிடைத்துவிடுகிறது. எனினும் அது தொழிலாளியின் உரிமையாக அன்றி, எதிராளியின் வசதியாகவே அமைகிறது.

வென்ற பின்னும் வழக்கு முடிவதில்லை. மீண்டும் வேலை வழங்குமாறு தொழிலாளர் நீதிமன்றம் ஆணையிட்டால், நிர்வாகம் உயர் நீதிமன்றம் செல்லும். அங்கே வழக்கறிஞருக்குத் தடையில்லை, கட்டணத்துக்கும் எல்லையில்லை. 1982இல் நிறைவேறி 1984இல் நடைமுறைக்கு வந்த 17பி பிரிவு இதற்கு ஓரளவு விடை தந்தது: மேல் வழக்கு நிலுவையில் உள்ளவரை, கடைசியாகப் பெற்ற முழு ஊதியத்தை நிர்வாகம் கொடுத்து வர வேண்டும். வேறெங்கும் வேலையில் இல்லை எனத் தொழிலாளி உறுதிமொழி ஆவணம் அளிக்க வேண்டும். முதலாளி எதிர்த்து வழக்காடுவதையே காரணமாகக் கொண்டு பணம் பெற வழிசெய்யும் பிரிவு இது. அதைக் கேட்டுப் பெறத் தனி மனு வேண்டும். மனுவுக்கு ஆள் வேண்டும்.

1980களில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது மத்திய அரசு 1986இல் நெசவாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதியை ஏற்படுத்தியது. முதலாண்டு ஊதியத்தில் 75 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25. வேலையின்மை உதவித்தொகைக்கு இந்தியா மிக அருகில் வந்த தருணங்களுள் ஒன்று அது. ஆனால் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். புகைபோக்கி அணைந்தும் ஏட்டில் மூடப்படாத ஆலையின் தொழிலாளி இந்நிதிக்கு வெளியே நின்றார். மீண்டும் ஒரு சொல்லே வாயிலைக் காத்தது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2005இல் ராஜீவ் காந்தி திட்டத்தையும், 2018இல் அடல் திட்டத்தையும் தொடங்கியது. பின்னது சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டை அதிகபட்சம் 90 நாள்களுக்கு வழங்கியது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது. கோரிக்கையோ கடைசி முதலாளி வழியாக வர வேண்டும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அவ்வளவு 50 விழுக்காடாக உயர்ந்தது. தொழிலாளி கழகக் கிளையில் நேரடியாக மனு அளிக்கலாம் என்ற மாற்றமும் வந்தது. தொகை உயர்ந்ததே பரவலாகப் பேசப்பட்டது. முதலாளியின் கையெழுத்தைக் கடந்து செல்ல வழி கிடைத்தது அதனினும் சிறிய மாற்றமன்று.

2020இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் மறுதிறன் பயிற்சிக்காக 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை முதலாளி செலுத்தும் நிதியை வகுத்துள்ளது. குறித்த கால வேலை முடிவடைவதை ஆட்குறைப்பிலிருந்து விலக்கியுள்ளது. வழக்கறிஞர் வர எதிர்த்தரப்பின் இசைவு வேண்டும் என்ற பழைய விதியையோ அது கைவிடவில்லை. மஜூர் மகாஜன் போன்ற சங்கம் தொழிலாளிக்குப் பின்னால் நிற்கும் என்ற நம்பிக்கையில் நியாயம் பெற்ற விதி அது. சங்கத்தில் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி, இன்று தீர்ப்பாயத்தின் வாயிலில் அதே விதியைத் தனியாக எதிர்கொள்கிறார்.