பெருக்கலுக்கு முன் ஒரு வகுத்தல்

அம்பலப்புழை மன்னனோடு சதுரங்கம் ஆடிய முதியவரின் கதையை நம் வகுப்பறைகள் நன்கறியும். முதற்கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களையும் நிரப்பக் கேட்டார் அவர்; களஞ்சியம் வெறுமையாயிற்று. அந்நெல்மணிகளின் மொத்தம் 18,446,744,073,709,551,615. 64 பிட்டுகளில் அடங்கக்கூடிய மிகப்பெரிய முழு எண்ணும் மிகச்சரியாக இதுவே. மேலும் ஒரே ஒரு மணியைக் கூட்டினால் கணினி தரும் விடை பூச்சியம். மன்னனாவது தான் கடன்பட்டதை உணர்ந்தான்.

இதனை முழு எண் வழிதல் என்கிறோம். அச்சொல் பொருந்துமா என்னும் ஐயம் நமக்கு உண்டு. பால் பொங்கி வழிந்தால் அடுப்பில் தெரியும். இங்கோ வழிந்த பகுதி சுவடின்றி மறைய, மிஞ்சிய மீதியே விடையாகி நிற்கிறது. பழைய வாடகைக் காரின் ஓட்டமானி 99,999ஐக் கடந்து மீண்டும் பூச்சியத்திற்குத் திரும்புவதே இதற்கு நெருங்கிய உவமை.

இப்பிழை மிகக் கொடிதாவது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில். நினைவகத்தைப் பங்கிட்டு அளிப்பது அதன் பணி. 16 பைட் அளவுள்ள பதிவுகள் 268,435,457 வேண்டும் என்று ஒரு நிரல் கேட்பதாகக் கொள்வோம். உண்மையான பெருக்குத்தொகை 4,294,967,312. 32 பிட்டின் உச்சமோ 4,294,967,295. எனவே கிடைக்கும் விடை வெறும் 16. உட்கரு 16 பைட் இடத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டது முழுவதும் கொடுத்ததாக நம்புகிறது. இரண்டாம் பதிவை எழுதும்போதே அயலிடம் அழியத் தொடங்குகிறது. எண்ணிக்கையைக் குறிப்பவர் தீயவராயின், அவ்வழிவைத் தம் விருப்பப்படி திருப்பவும் முயல்வார். உட்கருவே வீழ்ந்தால் கணினி முழுவதும் அவர் கைக்குப் போகும். ஜொகூர் பாருவிலும் கூலாய் வட்டாரத்திலும் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள தரவு மையங்களைக் கடந்து செல்லும் நம் மாணவர்க்கு இது தொலைதூரச் செய்தி அன்று. இத்தகைய மையங்களின் சேவையகங்கள் உலகெங்கும் பெரும்பாலும் லினக்ஸ் உட்கருவையே நம்பி இயங்குகின்றன.

2002 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகக் கணினிப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சி மொழியின் ‘கேலாக்’ முதலான ஒதுக்கீட்டுச் செயற்கூறுகள் பலவும் விடை அடங்குமா என்று பாராமலே பெருக்கி வந்தன என்பதே அதன் சாரம். தீர்வு தொடக்கப்பள்ளிக் கணக்குதான்: பெருக்குமுன் உச்ச எண்ணைப் பதிவின் அளவால் வகுக்க வேண்டும், கேட்ட எண்ணிக்கை அவ்வீவை விஞ்சினால் மறுத்துவிட வேண்டும்.

எளிய இத்தீர்வு பரவ ஏன் இத்தனை காலம் ஆயிற்று? லினக்ஸில் ‘கே-கேலாக்’ என்னும் செயற்கூறு இச்சோதனையைச் செய்தது. ஆனால் ஒதுக்கிய இடம் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பவும் செய்தது. நேரத்தை மிச்சப்படுத்த விரும்பியோர் அதை விடுத்துத் தாமே பெருக்கிக்கொண்டனர். சிக்கனம் காவலைக் கைவிடச் செய்தது என்றே நாம் கருதுகிறோம். 2012இல் சி வாங் என்னும் ஆய்வாளர், நிரப்பாமல் சோதனை மட்டும் செய்யும் ‘கே-மாலாக்-அரே’யை உட்கருவில் சேர்த்தார். அவ்வாண்டே அவரும் தோழர்களும் உருவாக்கிய ‘கின்ட்’ என்னும் ஆய்வுக் கருவி, லினக்ஸ் உட்கருவிலும் வேறு இரு மென்பொருள்களிலுமாக 100க்கு மேற்பட்ட எண் பிழைகளைக் கண்டு காட்டியது. 64 பிட் வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று எண்ணியிருந்தோரும் இருந்தனர். ஆனால் எண்ணிக்கைகளை 32 பிட்டிலேயே வைத்துப் பெருக்கும் வரிகள் பழைய நிரல்களில் நிறைந்திருந்தன.

2018இல் கீஸ் குக் என்பவர் உட்கரு முழுவதும் தேடி, நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்த வெறும் பெருக்கல்களைக் காவலுள்ள வடிவங்களாக மாற்றினார். அப்போது வந்த உத்தி ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. விடை அடங்காதபோது மீதியைத் தாராமல் உச்ச எண்ணையே தருவது அது. அத்தனை நினைவகம் எந்தக் கணினியிலும் இராது. ஆதலால் கோரிக்கை தானே தோற்கும்.

ஆயினும் அந்த உச்ச எண்ணோடு எவரேனும் 1ஐக் கூட்டினால் மீண்டும் பூச்சியமே வரும். நெல்மணிக் கணக்கில் கண்ட அதே நிலைதான். கூட்டலுக்கும் அதே காவலை அமைக்கும் செயற்கூறு, 2022இல் வெளிவந்த 5.18ஆம் பதிப்பில் இடம்பெற்றது.